இழப்பை அஞ்சும் மூளையும் ஐரோப்பிய ஒற்றுமையும்

கடலூர் தேவனாம்பட்டினத்துக் கோட்டையை ஆங்கிலேயர் 1690-இல் மராத்தியரிடமிருந்து விலைக்கு வாங்கினர். கோட்டையிலிருந்து சுட்ட பீரங்கிக் குண்டு எட்டிய ஊர்களெல்லாம் அவர்களுக்கே உரியவை என்பது ஏற்பாடு. அவ்வூர்கள் 'குண்டு கிராமங்கள்' எனப்பட்டன. 1758 ஜூனில் பிரெஞ்சுத் தளபதி லாலி அக்கோட்டையைக் கைப்பற்றினார். பின்னர் அது தகர்க்கப்பட்டது.

1783-இல் நடந்தது இன்னும் விந்தையானது. பிரிட்டனும் பிரான்சும் அவ்வாண்டு ஜனவரி 20-ஆம் நாளே முதற்கட்ட சமாதான உடன்படிக்கையில் கையொப்பமிட்டிருந்தன. செய்தி கப்பலேறி வர மாதங்கள் ஆயின. அதற்குள் ஜூன் 13 அன்று கடலூர் மண்ணிலும், 20 அன்று கடலிலும் இரு படைகளும் மோதின. முடிந்துவிட்ட பகைக்காக மனிதர்கள் மாண்டனர்.

அதே பிரான்ஸ், இரண்டு உலகப் போர்களில் தன்னை எதிர்த்து நின்ற ஜெர்மனியோடு 1951-இல் கைகோத்தது. இத்தாலி, பெல்ஜியம், நெதர்லாந்து, லக்சம்பர்க் ஆகியவையும் சேர்ந்து, போர்த் தளவாடங்களுக்கு அடிப்படையான நிலக்கரியையும் எஃகையும் ஒரு பொது ஆணையத்தின் பொறுப்பில் வைத்தன. இன்றைய ஐரோப்பிய ஒன்றியத்தின் விதை அதுவே. முதலில் உணர்வை இணைத்துப் பிறகு பொருளாதாரத்தை இணைப்போம் என்று அதன் சிற்பிகள் காத்திருக்கவில்லை. அதற்கான காரணம் மனித மூளையின் இயல்பில் இருக்கிறது.

உளவியலாளர் ஹென்றி டாஜ்ஃபெல் 1970-களின் தொடக்கத்தில் பள்ளிச் சிறுவர்களை இரு குழுக்களாகப் பிரித்தார். எந்த ஓவியரைப் பிடிக்கும் என்பதே பிரிவினைக்கான காரணம் என்று அவர்களிடம் கூறப்பட்டது. உண்மையில் பிரிவினை தற்செயலானது. ஆயினும், பணத்தைப் பங்கிடச் சொன்னபோது சிறுவர்கள் தம் குழுவுக்கே சாதகமாக நடந்தனர். தம் குழுவுக்குக் கிடைப்பது சற்றுக் குறைந்தாலும், அடுத்த குழுவைவிடக் கூடுதலாக இருப்பதையே பலர் விரும்பினர்.

1979-இல் டேனியல் கானமனும் ஆமோஸ் டிவர்ஸ்கியும் வேறோர் உண்மையை முன்வைத்தனர். நூறு ரூபாய் கிடைக்கும் மகிழ்ச்சியைவிட, நூறு ரூபாய் பறிபோகும் வருத்தம் பெரிது. பிந்தைய ஆய்வுகள் அதை ஏறத்தாழ இருமடங்கு என மதிப்பிட்டன. இந்த உணர்வு மூளைக்குள் உருவாகும் விதம் இன்னும் முழுமையாக விளங்கவில்லை. அதன் விளைவு மட்டும் வாக்குச் சாவடி வரை தெரிகிறது. 2016-இல் பிரிட்டனில் 51.9 விழுக்காட்டினர் ஒன்றியத்திலிருந்து விலக வாக்களித்தனர். தடையற்ற வணிகத்தின் ஆதாயம் பழகிப்போயிருந்தது. இறையாண்மையை இழந்துவிட்டோம் என்ற உணர்வு உறுத்திக்கொண்டிருந்தது. இழந்ததை மீட்போம் என்ற முழக்கம் அந்த இடத்தைச் சரியாகத் தொட்டது.

யூரோ நாணயத்தாள்கள் 2002-இல் வெளியானபோது, அவற்றில் எந்த நாட்டின் உண்மையான கட்டடமும் இடம்பெறவில்லை. பொதுவான கட்டடக்கலைப் பாணிகளில் வரைந்த பாலங்களும் சாளரங்களுமே இருந்தன. ஒருவர் பெருமை மற்றவர் குறையாகிவிடக் கூடாது என்ற எச்சரிக்கை அது.

நமக்கும் இதில் பாடம் உண்டு. சிதம்பரமும் காட்டுமன்னார்கோவிலும் காவிரியின் கடைமடை. கர்நாடகம் தமிழகத்துக்கு 192 டிஎம்சி திறந்துவிட வேண்டும் என நடுவர் மன்றம் 2007-இல் தீர்ப்பளித்தது. உச்சநீதிமன்றம் 2018-இல் அதை 177.25 டிஎம்சியாகக் குறைத்தது. இங்கே குறைந்த 14.75 டிஎம்சியை நாம் எண்ணுகிறோம். கர்நாடகத்தில் திறந்துவிட வேண்டிய 177.25 டிஎம்சியை அவர்கள் எண்ணுகிறார்கள். ஒரே தீர்ப்பை இரு தரப்பும் இழப்புக் கணக்காகவே படிக்கின்றன.

நல்லெண்ணத்தை மட்டும் நம்பி இதற்குத் தீர்வு காண முடியாது. காவிரி மேலாண்மை ஆணையம் 2018-இல் அமைந்துவிட்டது. பற்றாக்குறை ஆண்டில் எந்த விகிதத்தில் இழப்பைப் பகிர்வது என்பதை, மழை பொய்ப்பதற்கு முன்பே இரு மாநிலங்களும் அதன் வழியாக ஒப்புக்கொள்ள வேண்டும். எதிர்பார்த்து ஏற்ற இழப்பைப் பறிப்பாக மூளை எண்ணுவதில்லை. கடைமடை உழவன், அணையில் நீர் இல்லாததைப் பொறுத்துக்கொள்வான். தன் பங்கு எவ்வளவு என்பதே தெரியாமல் நாற்றங்காலில் காத்திருப்பதைத்தான் அவனால் பொறுக்க முடியாது.

கட்டுரையாளர்: பொருளியல் பேராசிரியர் (ஓய்வு).