உஷார்! கார்பரேட்டரில் பெட்ரோலை விட்டுவைக்காதீர்கள்

வாடை தொடங்கியாச்சு. படகைக் கரையேற்றி, இஞ்சினைக் கழற்றித் திண்ணையில் சாத்திவிட்டு, தை பிறந்ததும் கயிற்றை இழுத்தால் ஓடிவிடும் என்று இருந்துவிடாதீர்கள்! இப்போது பங்கில் பிடிக்கும் பெட்ரோலில் 20 சதவீதம் வரை எத்தனால். அவுட்போர்டு கம்பெனிகளில் பெரும்பாலானவை கையேட்டில் அனுமதிப்பதோ 10 சதவீதம்தான்.

எத்தனால் காற்றிலிருக்கும் ஈரத்தைக் குடிக்கும். ஐப்பசி, கார்த்திகையில் கடற்கரையில் ஈரத்துக்கா பஞ்சம்? நீர் சேரச்சேர எத்தனாலும் நீரும் பெட்ரோலை விட்டுப் பிரிந்து டேங்கின் அடியில் தங்கிவிடும். இஞ்சின் உறிஞ்சுவதும் அந்த அடியிலிருந்துதான். டூ-ஸ்ட்ரோக் வைத்திருப்பவர்களே, நீங்கள் கலந்த டூ-டி ஆயில் மேலே பெட்ரோலோடு நின்றுவிடும். ஆயிலே இல்லாத அடித்தண்ணி உள்ளே போனால் பிஸ்டன் பிடித்துக்கொள்ளும்!

பழைய பெட்ரோலில் சந்தேகம் வந்தால், டேங்கின் அடியிலிருந்து கொஞ்சம் எடுத்துக் கண்ணாடி பாட்டிலில் ஊற்றி அசையாமல் வையுங்கள். நடுவில் கோடு போட்டாற்போல் இரண்டு அடுக்கு தெரிந்தால் மொத்தத்தையும் ஒதுக்குங்கள். ஸ்டெபிலைசர் புதுப் பெட்ரோல் கெடுவதைத் தள்ளிப்போடும், பிரிந்ததை ஒட்டவைக்காது.

கார்பரேட்டர் சங்கதி இன்னும் மோசம். அதன் கிண்ணத்தில் தங்கும் சில சொட்டு ஆவியாகி, மஞ்சள் வார்னிஷ் மாதிரி படியும். ஜெட்டின் ஓட்டை ஊசிமுனை அளவுதான். அது அடைபட எவ்வளவு நேரம்?

ஆகவே எடுத்துவைக்கும் நாளில், திறந்த வெளியில், நல்ல தண்ணீர் நிறைந்த டிரம்மில் இஞ்சினை இறக்கி ஓட்டுங்கள். தண்ணீர் இல்லாமல் ஒரு நிமிடம்கூட ஓட்டாதீர்கள், இம்பெல்லர் போய்விடும். ஓடும்போதே பெட்ரோல் ஹோஸைக் கழற்றுங்கள். தானாக நிற்கட்டும். நின்ற பிறகும் கிண்ணத்தில் மிச்சம் இருக்கும். அடியிலுள்ள வடிகால் திருகைத் திறந்து துணியில் வடியுங்கள். ஃபில்டரில் நீர் தெரிந்தால் கழுவுங்கள். (இன்ஜெக்‌ஷன் இஞ்சினை இப்படி வறளவிடக் கூடாது, அதற்குக் கையேட்டைப் பாருங்கள்.)

வடித்த பெட்ரோலை வீட்டுக்குள் கொண்டுபோகவே போகாதீர்கள். அதன் ஆவி காற்றைவிடக் கனம். தரையோடு ஊர்ந்து அடுப்படிக்குப் போய்விடும். பிள்ளைகள் உறங்கும் வீடு அது!

மறுபடி கடலுக்குப் போகும் அன்று புதுப் பெட்ரோல் ஊற்றி, கரையிலேயே டிரம்மில் பத்து நிமிடம் ஓட்டிப் பாருங்கள். அலை உடையும் இடத்தில் இஞ்சின் நின்றால் படகு குறுக்கே திரும்பிவிடும். அங்கே நின்று கார்பரேட்டரைக் கழற்ற முடியாது.