புளியங்கொட்டையும் பள்ளிக்கூடந்தான்!



"என் மகள் நூறு வரை ஒரே மூச்சில் சொல்லுவாள்" என்று மார்தட்டுகிறார் மூட்டை தூக்கும் தோழர். மகிழ்ச்சி! அதே மகளிடம் ஏழு புளியங்கொட்டைகளைக் கொட்டி, "எத்தனை?" என்று கேட்டுப் பாருங்கள். ஒன்றை இருமுறை தொடுவாள், ஒன்றைத் தாண்டுவாள். எட்டு என்பாள், ஒன்பது என்பாள். ஒப்பித்தல் வேறு, எண்ணுதல் வேறு! ஒரு கொட்டைக்கு ஒரு சொல். கடைசிச் சொல்லே மொத்தம். இது பிடிபட்ட பிறகுதான் கணக்கு பிறக்கிறது.

"நானோ கைநாட்டு. கணக்கு நமக்கு ஏது? டியூஷனுக்கு அனுப்பியிருக்கிறேன்" என்கிறார் தோழர். ஏதாம்! கூலியிலே பத்து ரூபாய் குறைந்தால் மறுநொடியே கண்டுபிடிப்பவர் யார்? பால் கணக்கைச் சுவரிலே கரிக்கோடாகக் கிழித்து, மாதக் கடைசியில் பால்காரரைத் திணற அடித்த பாட்டி யாருடைய பாட்டி? அரை நாள் பள்ளி, அரை நாள் அப்பன் தொழில் என்ற திட்டம் 1953இல் வந்தது, எதிர்ப்பு எழுந்தது, 1954இல் போயிற்று. திட்டம் போயும், 'நமக்கு வராது' என்ற அச்சம் மட்டும் சில வீட்டுத் திண்ணைகளில் இன்னும் குந்தியிருக்கிறது.

வராதா? நம் தாய்மொழியே பாதிக் கணக்கைச் சொல்லித் தருகிறதே! பதினொன்று என்றால் பத்தும் ஒன்றும். இருபத்து மூன்று என்றால் இரண்டு பத்தும் மூன்றும். சொல்லுக்குள்ளேயே கூட்டல்! 'லெவன்', 'ட்வெல்வ்' என்று தொடங்கினால், பத்து எங்கே ஒளிந்திருக்கிறது என்று பச்சைப் பிள்ளை தேட வேண்டும். 'தர்ட்டீன்' இன்னும் வேடிக்கை: சொல்லும்போது மூன்று முன்னே, எழுதும்போது ஒன்று முன்னே! ஆங்கிலம் வேண்டாமென்று சொல்லவில்லை, பின்னால் வரட்டும். நம் மொழியிலும் ஓர் இடறல் உண்டு, மறைப்பானேன்? எண்பத்தொன்பதுக்குப் பின் வரும் தொண்ணூறு! அதற்குள் 'நூறு' கிடக்கிறதே என்று பிள்ளை விழிக்கும். பத்துப் பத்தாக ஒன்பது குவியல் வைத்துக் காட்டுங்கள்.

எட்டும் ஐந்தும் எத்தனை? முதலில் எல்லாவற்றையும் ஒன்றிலிருந்தே எண்ணுவாள். எண்ணட்டும். பிறகு, "எட்டுதான் தெரியுமே, அதற்கு மேலே போ" என்னுங்கள்: ஒன்பது, பத்து, பதினொன்று, பன்னிரண்டு, பதிமூன்று. அடுத்த படி, ஐந்திலிருந்து இரண்டை எடுத்து எட்டோடு சேர்த்துப் பத்தாக்குவது. மிச்சம் மூன்று, ஆகப் பதிமூன்று. விரல் விட்டு எண்ணுகிறாளே என்று கையிலே அடிக்காதீர்கள்! விரல்தான் அவளுடைய முதல் சிலேட்டு.

கழித்தலில்தான் பிள்ளைகள் அதிகம் தடுமாறுகிறார்கள். எடுத்துக்கொண்டு போவது மட்டுமே கழித்தல் என்று பழக்கிவிடுகிறோம். அண்ணனிடம் ஒன்பது கொட்டை, தங்கையிடம் ஐந்து. அவனிடம் எத்தனை அதிகம்? யாரும் எதையும் எடுக்கவில்லை, ஆனாலும் கழித்தல்! ஒன்பதில் சிலவற்றை உள்ளங்கையில் மூடி, "ஒளிந்தது எத்தனை?" என்று கேளுங்கள். டீக்கடையில் இருபது ரூபாய் கொடுத்தோம், டீ பன்னிரண்டு ரூபாய், பாக்கி எவ்வளவு? பன்னிரண்டிலிருந்து இருபது வரை மேலேறி எண்ணினாலும் எட்டுதான்.

கொரோனாக் காலத்தில் பள்ளிகள் மூடிக்கிடந்தபோது விழுந்த பள்ளத்தை நிரப்பத்தான், 2022இல் தமிழ்நாடு அரசு 'எண்ணும் எழுத்தும்' திட்டத்தைத் தொடங்கியது. முதலில் ஒன்று முதல் மூன்றாம் வகுப்பு வரை. பகலிலே ஆசிரியர் பார்த்துக்கொள்வார். மாலையிலே, மன்றத்துக்குக் கிளம்புமுன் கால்மணி நேரம் பாயிலே உட்காருங்கள், தோழரே. இருபது கொட்டை போதும். கைக்குழந்தை பக்கத்தில் இருந்தால் மட்டும் கவனம். கொட்டையை மூக்கிலே போட்டுக்கொள்ளும்!