வீட்டு வாசலே மேடை: மும்பைத் தமிழர் பகுதிகளில் திண்ணைக் கச்சேரி நடத்த என்ன தேவை?

மும்பை: வீட்டு முகப்பே மேடை; தெருவே அரங்கம்; நுழைவுச்சீட்டு கிடையாது. 'போர்ச்ஃபெஸ்ட்' எனப்படும் திண்ணைக் கச்சேரி விழாவின் அடிப்படை இதுதான். 2007-ஆம் ஆண்டு அமெரிக்காவின் நியூயார்க் மாநிலத்திலுள்ள இத்தாக்கா நகரில் தொடங்கிய இவ்விழா, தற்போது அமெரிக்கா, கனடாவின் பல நகரங்களில் நடைபெறுகிறது. மாட்டுங்கா, செம்பூர், தாராவி ஆகிய பகுதிகளில் இவ்வாறு பாட விரும்புவோர் அறிய வேண்டியவை என்ன என்பதைப் பார்க்கலாம்.

விழா எவ்வாறு நடக்கிறது?

குடியிருப்போர் தங்கள் வீட்டு முகப்பைச் சில மணி நேரம் கலைஞர்களுக்கு அளிக்கின்றனர். ஒவ்வொரு குழுவுக்கும் இடமும் நேரமும் ஒதுக்கப்படுகின்றன. கேட்போர் ஒரு வாசலிலிருந்து மறு வாசலுக்கு நடந்து செல்கின்றனர். பாதியில் வருவோரும் பாதியில் செல்வோரும் இருப்பர் என்பதால், நீண்ட ஆலாபனையைவிடச் சிறு உருப்படிகளே இங்கு எடுபடும்.

தமிழருக்குப் புதிதல்ல

தியாகராஜர் திருவையாற்று வீதிகளில் உஞ்சவிருத்தி எடுத்துப் பாடியவர். சென்னை மயிலாப்பூரின் மாட வீதிகளில் மார்கழி பஜனையை நடத்தியவர் பாபநாசம் சிவன். நவராத்திரியில் கொலு பார்க்க வருவோரைப் பாடச் சொல்லும் வழக்கம் மும்பைத் தமிழர் இல்லங்களிலும் உண்டு.

சபாவும் சந்தும்

மும்பையில் 1952-ஆம் ஆண்டு தொடங்கப்பட்ட சண்முகானந்தா சபா, 1963-இல் மாட்டுங்காவை அடுத்த கிங்ஸ் சர்க்கிள் அருகே பேரரங்கைத் திறந்தது. 2,700-க்கும் மேற்பட்ட இருக்கைகள் கொண்ட அந்த அரங்கு 1990-இல் தீ விபத்துக்குள்ளாகி, பின்னர் புதுப்பிக்கப்பட்டது. செம்பூரில் ஃபைன் ஆர்ட்ஸ் சொசைட்டி கச்சேரிகளை நடத்தி வருகிறது.

கிங்ஸ் சர்க்கிளிலிருந்து சில கிலோமீட்டர் தொலைவிலேயே தாராவி உள்ளது. அங்குள்ள இளைஞர்கள் சந்துகளில் வட்டமாக நின்று, வாயாலேயே தாளம் எழுப்பி ராப் பாடிப் பழகியவர்கள். அவ்வாறு உருவான 'டோப்அடெலிக்ஸ்' குழுவினர், 2018-இல் வெளியான பா.இரஞ்சித்தின் 'காலா' திரைப்படப் பாடல்களில் பங்கேற்றனர். எனினும், சபா இசையைக் கேட்போரும் சந்து இசையைக் கேட்போரும் ஒரே இடத்தில் கூடும் வாய்ப்பு அரிது. திண்ணைக் கச்சேரி அந்த இடைவெளியைக் குறைக்கக்கூடும்.

சென்னையின் முன்னுதாரணம்

சென்னை பெசன்ட் நகரை ஒட்டிய ஊரூர் ஆல்காட் குப்பம் என்ற மீனவர் குடியிருப்பில் 2015-இல் ஒரு கலை விழா தொடங்கியது. பாடகர் டி.எம்.கிருஷ்ணா, சமூகச் செயற்பாட்டாளர் நித்யானந்த் ஜெயராமன் உள்ளிட்டோர் குப்பத்து மக்களுடன் இணைந்து இதனை நடத்தினர். கர்நாடக இசையும் பறையாட்டமும் இவ்விழாவில் இடம்பெற்றன. சபாவுக்குச் செல்லாதோர் வாழும் இடத்துக்குக் கச்சேரி சென்றதுடன், சபாவுக்குச் செல்வோரும் குப்பத்துக்கு வந்தனர் என்பது குறிப்பிடத்தக்கது.

சட்டம் கூறுவது என்ன?

2000-ஆம் ஆண்டின் ஒலி மாசு விதிகளின்படி, ஒலிபெருக்கியைப் பயன்படுத்த உரிய அதிகாரியின் எழுத்துப்பூர்வ அனுமதி தேவை. இரவு 10 மணி முதல் காலை 6 மணி வரை திறந்தவெளியில் அதற்குத் தடை உள்ளது. குடியிருப்புப் பகுதிக்கான பகல்நேர ஒலி வரம்பு 55 டெசிபல். அமைதி மண்டலமாக அறிவிக்கப்பட்ட மருத்துவமனை, பள்ளி, நீதிமன்றச் சுற்றுப்புறங்களில் இவ்வரம்பு 50 டெசிபல். ஒலிபெருக்கி இல்லாத மாலைநேரக் கச்சேரியே எளிய வழி.

பாடல்களுக்குக் காப்புரிமை உண்டு. படைப்பாளி மறைந்து 60 ஆண்டுகள் வரை அது நீடிக்கும். 1847-இல் மறைந்த தியாகராஜரின் கிருதிகளை எவரும் பாடலாம். பாபநாசம் சிவன் 1973-இல் மறைந்ததால், அவரது பாடல்களுக்கான காலம் 2033 இறுதி வரை உள்ளது. எனினும், தொழில்முறை சாராத மன்றங்கள் கட்டணமின்றி நிகழ்த்தினால் அது உரிமை மீறலாகாது எனக் காப்புரிமைச் சட்டத்தின் 52-ஆவது பிரிவு விலக்களிக்கிறது. இவ்விலக்கு நிகழ்த்துவதற்கே உரியது. பதிவுசெய்து இணையத்தில் வெளியிடத் தனி அனுமதி பெற வேண்டியிருக்கும்.

திண்ணை எங்கே?

மும்பையில் திண்ணை வைத்த வீடுகள் அரிது. மாட்டுங்காவின் பழைய கட்டடங்களில் முற்றமும் பால்கனியும், சால் எனப்படும் வரிசைக் குடியிருப்புகளில் பொது வராந்தாவும், தாராவியில் வாசற்படியும் அந்த இடத்தை நிரப்பலாம். குறுகிய சந்துகளில் கூட்டம் சேர்ந்தால் நடமாட்டம் தடைபடும் என்பதால், ஒருபுறம் வழிவிட்டு அமர்வது அவசியம். தேர்வுக்குப் படிப்போர், நோயாளிகள், இரவுப்பணி முடித்து உறங்குவோர் இருக்கும் வீடுகளில் முன்கூட்டியே ஒப்புதல் பெறுவதும் முக்கியம்.

தாராவி மறுசீரமைப்புத் திட்டத்தால் பல சந்துகள் அடுக்குமாடிக் குடியிருப்புகளாக மாறவுள்ளன. புதிய வீடுகளில் தண்ணீரும் கழிப்பறையும் கிடைப்பது பெரும் ஆறுதல். அத்துடன், பத்துப் பேர் கூடிப் பாட ஒரு பொது முற்றமும் கிடைக்குமா என்பதைப் பொறுத்தே அங்குள்ள வாசல் இசையின் எதிர்காலம் அமையும்.