450-க்குக் கீழே நின்றவர்கள்

செப்டம்பர் கடைசியில் ரெசிடென்சி எனும் மருத்துவமனைப் பயிற்சிக்கான விண்ணப்பங்கள் அமெரிக்க மருத்துவமனைகளின் கைக்குப் போய்விடும். தேர்வு முடிவு வர வாரக்கணக்கில் ஆகும். ஆகஸ்ட் முடிவதற்குள் காம்லெக்ஸ் உரிமத் தேர்வின் இரண்டாம் நிலையை எழுதாத ஆஸ்டியோபதி மருத்துவ மாணவரின் மதிப்பெண் விண்ணப்பத்தோடு போய்ச் சேருமா என்பது சந்தேகம்தான். 2022-ல் முதல் நிலை வெறும் தேர்ச்சி, தோல்வி என்று ஆன பிறகு காம்லெக்ஸிலிருந்து விண்ணப்பத்தில் எண்ணாக நிற்பது இந்த இரண்டாம் நிலை ஒன்றுதான். அதனால் வாசகர் கடிதங்களில் திரும்பத் திரும்ப ஒரே புலம்பல்: “காம்சே மாதிரித் தேர்வில் 450 வரவில்லை. தேர்வெழுத விட மாட்டோம் என்கிறது கல்லூரி. மிச்சமுள்ள நாட்களில் எதைப் படிப்பது?”

450 யாருக்குப் பாதுகாப்பு?

உண்மைத் தேர்வை நடத்தும் அதே தேசிய வாரியம் காசுக்கு விற்கும் மாதிரித் தேர்வுதான் காம்சே. மாணவர் தன் நிலையைத் தானே பார்த்துக்கொள்ள என்பது வாரியத்தின் விளக்கம். நடப்பில் பல கல்லூரிகள் அதைத் தேர்வறைக்கான அனுமதிச் சீட்டாக்கிவிட்டன. இரண்டாம் நிலையில் தேற 400 போதும். கல்லூரி கேட்பதோ பல இடங்களில் 450. நடுவிலுள்ள 50 மாணவரின் பாதுகாப்புக்காம்.

ஒரு கற்பனைக் கணக்குப் போட்டுப் பார்ப்போம். வகுப்பில் 100 பேர். எல்லோரும் எழுதி 88 பேர் தேறினால், முதல் முயற்சித் தேர்ச்சி 88 விழுக்காடு. காம்சேயில் பின்தங்கிய 12 பேரை நிறுத்திவைத்து, மீதி 88 பேரில் 84 பேர் தேறினால் 95 விழுக்காடு. யாரும் ஒரு பக்கம்கூடக் கூடுதலாகப் படிக்கவில்லை. தேறியவர்கள் நான்கு பேர் குறைவு. ஆனாலும் கல்லூரியின் விளம்பரப் பலகையில் விகிதம் ஏறிவிட்டது. வகுக்கும் எண்ணைச் சுருக்கினால் போதும், பாடம் நடத்த வேண்டியதில்லை.

கல்லூரித் தரப்பிலும் நியாயம் இல்லாமல் இல்லை. தோல்வி பதிவேட்டை விட்டுப் போகாது; 2022 ஜூலை முதல் ஒரு நிலைக்கு நான்கு முயற்சிகள்தான். தயாராகாத பிள்ளையைத் தடுப்பது சில நேரம் உதவியே. ஆனால் காம்சேயில் கேள்விகள் உண்மைத் தேர்வைவிடக் குறைவு. கேள்வி குறையக் குறைய மதிப்பெண்ணில் தற்செயலின் பங்கு கூடும். 445 எடுத்தவரும் 455 எடுத்தவரும் மறுநாள் வேறு கேள்விகளை எழுதினால் இடம் மாறியிருக்கலாம். அந்தப் பத்து எண்ணை நம்பி ஒருவரின் ஓராண்டை நிறுத்திவைப்பதுதான் உறுத்துகிறது.

இதனால் கடைசிக்கட்டப் படிப்பே தடம் மாறுகிறது. நோயைப் படிக்க வேண்டிய மாணவர் காம்சேயைப் படிக்கத் தொடங்குகிறார். ஒரே வினாத்தொகுப்பை மறுபடி எழுதுகிறார். மதிப்பெண் ஏறுகிறது, விடை நினைவில் இருந்ததால் ஏறியதா, விஷயம் புரிந்ததால் ஏறியதா என்று அவருக்கே தெரியாது.

அப்படியானால் மாதிரித் தேர்வே வேண்டாமா?

வேண்டும், மதிப்பெண்ணுக்காக அல்ல. செயின்ட் லூயிஸிலுள்ள வாஷிங்டன் பல்கலைக்கழகத்தின் ரோடிகரும் கார்ப்பிக்கியும் 2006-ல் ஒரு சோதனையை வெளியிட்டார்கள். ஒரு பகுதியைப் படித்த மாணவர்களில் சிலர் அதையே மறுபடி படித்தார்கள்; மற்றவர்கள் பார்க்காமல் நினைவுபடுத்தி எழுதினார்கள். ஐந்து நிமிடம் கழித்துச் சோதித்தபோது மறுபடி படித்தவர்கள் 81-க்கு 75 என்று முந்தினார்கள். ஒரு வாரம் கழித்து அவர்களுக்கு 42 விழுக்காடு, நினைவுபடுத்தி எழுதியவர்களுக்கு 56. மறுவாசிப்பு தரும் ‘எல்லாம் தெரியும்’ என்ற தெம்பு ஒரு வாரத்துக்குள் காணாமல் போகிறது. தேர்வு அதற்கப்புறம்தான் வருகிறது.

எனவே மாதிரித் தேர்வு முடிந்ததும் தவறிய விடைகளை நான்காகப் பிரியுங்கள்: தெரியாதது, தெரிந்தும் கேள்வியை அவசரமாகப் படித்ததால் போனது, சரியாகப் போட்டுவிட்டு மாற்றியது, நேரம் போதாமல் விட்டது. முதல் வகைக்கு மட்டுமே புத்தகம் மருந்து. மற்ற மூன்றுக்கும் கடிகாரம் வைத்துப் பழகுவதுதான் வழி. ஒரு கேள்விக்குக் கிடைப்பது ஒன்றரை நிமிடத்துக்கும் குறைவு.

கடைசி வாரம் எதற்கு?

சீக்கிரம் மறக்கக்கூடிய மனப்பாடத்துக்கு. ஆஸ்டியோபதிக்கே உரிய கைமுறைப் பாடம் அப்படிப்பட்டது: இதயத்தின் அனிச்சை மேல் மார்பு முள்ளெலும்புகளில், டி1 முதல் டி5 வரை, இரைப்பை டி5 முதல் டி9, குடல்வாலின் சாப்மன் புள்ளி (உள்ளுறுப்புக் கோளாறைக் காட்டுவதாகக் கருதப்படும் தொடுபுள்ளி) வலப்பக்கப் பன்னிரண்டாம் விலா எலும்பின் நுனி. இரண்டு மாதம் முன்பே படித்தால் பாதி போய்விடும்.

சாப்மன் புள்ளிகளுக்கு ஆதாரம் உண்டா?

மெலிந்த ஆதாரம்தான், கேள்வி மட்டும் தவறாமல் வரும்.

மற்ற மருத்துவ மாணவர்களுக்கான உரிமத் தேர்வான யூஎஸ்எம்எல்இ-யும் எழுதுகிறவர்கள்?

அதை முதலில் எழுதிவிட்டு, இடைப்பட்ட சில நாட்களைக் கைமுறைப் பாடத்துக்குக் கொடுப்பது பலரின் வழக்கம்.

கேள்வி வங்கியை முதலிலிருந்து மறுபடி ஓட்டலாமா?

தவறியவற்றை மட்டும்.

செய்முறைத் தேர்வு?

கொரோனாக் காலத்தில் நிறுத்திய இரண்டாம் நிலைச் செய்முறைத் தேர்வை வாரியம் பிறகு கைவிட்டுவிட்டது.

கடைசி இரவு?

தூங்குங்கள்.

நாம் எதைச் சொன்னாலும் கல்லூரி 450 என்கிறதே?

விதியை எழுத்தில் கேளுங்கள். இனிச் சேரப்போகிறவர்கள், தேர்ச்சி விகிதத்தைப் பார்க்கும்போது எத்தனை பேரை நிறுத்திவைத்துவிட்டு வந்த விகிதம் என்றும் கேளுங்கள்.