'தி' என்னும் சிறு சொல்: கிளென்லிவெட் வடிசாலையின் வரலாறு

ஆங்கிலம் கற்பிக்கும் நம் ஆசிரியர்களுக்குத் தொல்லை தரும் சொற்களுள் 'தி' தலையாயது. தமிழில் அதற்கு நேரான சொல் இல்லை. 'அந்த' என்றால் மிகையாகிறது, விட்டுவிட்டால் குறையாகிறது. இச்சிறு சொல்லின் உரிமை பற்றி ஸ்காட்லாந்து வடிசாலைகளுக்கிடையே எழுந்த வழக்கு 1884-ஆம் ஆண்டில் முடிவு கண்டது. குடியைப் புகழ்வது என் நோக்கமன்று. தோட்டப்புறங்களில் சம்சு விளைத்த கேட்டை அறிந்தவன் நான். எனினும் ஒரு பெயர் களவாடப்பட்டு மீட்கப்பட்ட வரலாறு மொழியாசிரியர் அறியத் தக்கதே.

'விஸ்கி' என்பது, ஸ்காட்லாந்தின் கேலிக் மொழியில் 'உயிர்நீர்' எனப் பொருள்படும் தொடரின் சிதைவு. அத்தொடரை ஏறக்குறைய 'உஷ்க பெஹா' என ஒலிக்கலாம். முற்பகுதி மட்டும் எஞ்சி 'விஸ்கி' ஆயிற்று. 'கிளென்' என்றால் பள்ளத்தாக்கு. லிவெட் என்னும் சிற்றாறு பாயும் பள்ளத்தாக்கு கிளென்லிவெட்.

மலைகள் சூழ்ந்த அவ்விடத்தில் வரி அதிகாரிகள் எளிதில் நுழைய முடியாது. வரியோ கடுமை. ஆகவே குடியானவர் கள்ளத்தனமாக வடித்தனர். ஏறத்தாழ 200 வடிகலங்கள் அங்கு மறைவில் இயங்கின என்பர். 1822-இல் நான்காம் ஜார்ஜ் மன்னர் எடின்பரோ நகருக்கு வந்தபோது விரும்பிக் கேட்டதும் கிளென்லிவெட் விஸ்கியையே. அதை அனுப்பிவைத்த எலிசபெத் கிராண்ட் அம்மையார், அது கள்ளச் சரக்கு என்பதை மறைக்காமல் தம் நினைவுக் குறிப்புகளில் எழுதியிருக்கிறார். தம் பெயரால் தண்டப்படும் வரியை ஏய்த்த பானத்தை மன்னரே பருகினார்!

அடுத்த ஆண்டே புதிய சட்டம் வந்தது. 10 பவுன் கட்டணத்தில் உரிமம் பெறலாம். வரியும் பாதிக்கும் கீழாகக் குறைக்கப்பட்டது. தண்டனையால் ஆகாதது இதனால் ஆயிற்று. கார்டன் கோமகனிடம் குத்தகை நிலம் வைத்திருந்த ஜார்ஜ் ஸ்மித் 1824-இல் அப்பள்ளத்தாக்கில் முதலாவதாக உரிமம் பெற்றார். கள்ள வடிப்போர் சும்மா இருப்பார்களா? வடிசாலையைக் கொளுத்துவோம் என்று மிரட்டினர். அபர்லவர் நிலக்கிழார் அவருக்கு இரு கைத்துப்பாக்கிகளைக் கொடுத்தார். ஸ்மித் அவற்றை இடுப்பில் செருகியபடியே நடமாடினார். காலப்போக்கில் தொழில் வளர்ந்து, வடிசாலை மின்மோர் என்னுமிடத்துக்கு மாறியது.

பெயர் வளர்ந்ததுதான் வம்பாயிற்று. தொலைவிலிருந்த வடிசாலைகளும் தங்கள் சரக்கைக் 'கிளென்லிவெட்' என்றே விற்றன. 'ஸ்காட்லாந்திலேயே மிக நீண்ட பள்ளத்தாக்கு கிளென்லிவெட்தான்' என்று கேலி கூடப் பிறந்தது. இலக்கணப்படி சொன்னால், சிறப்புப்பெயர் நல்ல விஸ்கிக்கெல்லாம் பொதுப்பெயராகிவிட்டது. ஸ்மித் 1871-இல் மறைந்தபின் மகன் ஜான் கார்டன் ஸ்மித் வழக்குத் தொடுத்தார். 'தி கிளென்லிவெட்' என்னும் பெயர் அவருக்கே உரியது. பிறர் தம் பெயரை முன்னிட்டு, இடையே சிறு கோடிட்டு எழுதிக்கொள்ளலாம் என்று முடிவாயிற்று. மெக்காலன்-கிளென்லிவெட், அபர்லவர்-கிளென்லிவெட் முதலிய பெயர்கள் அவ்வாறு நிலைத்தவை. முழு வெற்றி என்று இதைச் சொல்லமாட்டேன். ஆனால் பொதுப்பெயரை மீண்டும் சிறப்புப்பெயராக்க ஒரு 'தி' போதுமானதாயிற்று. 2001 முதல் இவ்வடிசாலை பெர்னோ ரிக்கார் என்னும் பிரெஞ்சு நிறுவனத்தைச் சேர்ந்தது.

'சிங்கிள் மால்ட்' என்பதையும் பலர் பிழைபடக் கொள்கின்றனர். ஒரே பீப்பாய் என்பது பொருளன்று. முளைகட்டிய வாற்கோதுமையிலிருந்து ஒரே வடிசாலையில் வடித்தது என்பதே பொருள். மாவூறலைப் புளிக்கவைத்துச் செப்புக் கலங்களில் இருமுறை வடிப்பர். வடிந்தது நிறமற்றது, நிறமும் மணத்தின் பெரும்பகுதியும் ஓக் மரப் பீப்பாய் தருபவை. குறைந்தது 3 ஆண்டேனும் அதில் கிடக்க வேண்டும் என்பது சட்டம். அமெரிக்கர் தம் பூர்பன் மதுவுக்குப் புதுப் பீப்பாயே கொள்ள வேண்டுமாதலால், அவர்கள் கழித்தவை ஸ்காட்லாந்துக்கு வருகின்றன.

சுவைப்போர், வாய் குறுகிய கண்ணாடிக் கிண்ணத்தில் சிறிதளவு ஊற்றி முதலில் முகர்வர். மூக்கை உள்ளே நுழைத்தால் சாராய நெடி முகர்வுணர்வை மழுக்கிவிடும். பின் சில துளி நீர் சேர்த்து மீண்டும் முகர்ந்து, அதன்பின் நாவில் இடுவர். 12 ஆண்டுச் சரக்கில் அன்னாசி மணம் உண்டு என்பது அவர்கள் முடிபு. அன்னாசியை யாரும் சேர்ப்பதில்லை. புளிக்கும்போது உண்டாகும் எஸ்டர் என்னும் பொருள்களே பழமணம் தருகின்றன. வெனிலா மணமோ ஓக் மரத்திலிருந்து வருவது. 15 ஆண்டுச் சரக்கில் ஒரு பகுதி பிரெஞ்சு ஓக் பீப்பாயில் இருந்ததால் நறுமணப் பொருள்களின் காரம் தோன்றும். 18 ஆண்டுச் சரக்கில், ஷெர்ரி மது இருந்த பீப்பாய்களால் உலர்பழச் சாயல் கூடும். ஐலே தீவின் லஃப்ரோய்க் போன்றவற்றில் எழும் புகைநாற்றம் இங்கே இல்லை.

இக்குறிப்புகளைப் படிக்கையில் நம் மாணவர் கட்டுரைகள் நினைவுக்கு வருகின்றன. 'மிக இனியது' என எழுதுபவன் ஒன்றும் சொல்லவில்லை. 'பழுத்த அன்னாசி' என எழுதுபவன் பிறர் சோதிக்கத்தக்க ஒன்றைச் சொல்கிறான். புட்டியில் காணும் எண் கலந்த பீப்பாய்களுள் மிக இளையதன் வயது. மூத்தது சிறந்தது என்பதற்கு அது சான்றாகாது. நெடுங்காலம் கிடந்தால் மரச்சுவையே மேலோங்கிவிடுவதும் உண்டு. தேர்ந்த சுவைஞர், பருகி முடித்த வெறுங்கிண்ணத்தைக் கழுவாமல் வைத்திருந்து, உலர்ந்தபின் மீண்டும் முகர்ந்து பார்ப்பர். சாராயம் பறந்துவிட்டபின் பீப்பாயின் மணம் அதில் தனித்துத் தெரியும்.