பாலூர்ப் பண்ணையும் பல்கலைக்கழகப் பணியும்

திருவதிகையிலிருந்து பாலூர் வழியாகக் கடலூர் செல்லும் மாணவர் பலர், அங்குள்ள காய்கறி ஆராய்ச்சி நிலையத்தை ஏதோ ஓர் அரசுத் தோட்டம் என்றெண்ணிக் கடந்து விடுகின்றனர். அது தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் ஓர் உறுப்பாகும். மண்வெட்டியும் ஒட்டுக்கத்தியும் புழங்கும் இடமும் பல்கலைக்கழகமாகுமோ என என்னிடம் பயின்றோர் வினவியதுண்டு.

ஆகும். 1868இல் சைதாப்பேட்டையில் தோன்றிய வேளாண்மைப் பள்ளி, பின்னர்க் கோவைக்குப் பெயர்ந்து கல்லூரியாகி, 1971இல் பல்கலைக்கழகமாயிற்று. அமெரிக்காவில் 1862ஆம் ஆண்டுச் சட்டத்தால் நிலக்கொடை பெற்றெழுந்த கல்லூரிகளே நம் நாட்டு வேளாண் பல்கலைக்கழகங்களுக்கு முன்மாதிரி. இத்தகைய தொழிற்கல்விக் கூடத்தில் பணிபுரிவோர்க்குக் கடமைகள் மூன்று: கற்பித்தல், ஆராய்தல், ஆராய்ந்து கண்டதை உழவரிடம் சேர்த்தல். மூன்றாவதே கடினமானது என்பேன். வகுப்பில் மாணவன் வாய்திறவாது கேட்பான், வரப்பில் நிற்கும் உழவரோ, "ஐயா, இதை எங்கே விளைவித்துப் பார்த்தீர்கள்?" என்று கேட்பார்.

பாலூரார் வெளியிட்ட 'பாலூர் 1' என்னும் பலாவைப் பாருங்கள். பண்ருட்டியை அடுத்த பணிக்கன்குப்பத்தில் வளர்ந்த நாட்டு மரமொன்றிலிருந்து தெரிந்தெடுக்கப்பட்டது அது. ஆண்டில் இரு பருவம் காய்ப்பது அதன் சிறப்பு. பலா அயல் மகரந்தச் சேர்க்கை உடையது. கொட்டையை ஊன்றினால் தாய்மரத்தின் இயல்பு அப்படியே வாராது. எனவே நல்ல மரத்தைத் தேடி, காய்ப்பைப் பல ஆண்டு குறித்து, ஒட்டுக்கட்டி, கன்றுகளை நட்டு, பிற மரங்களோடு ஒப்பிட வேண்டும். பலா காய்ப்புக்கு வரும்வரை எவரும் அதனை விரைவுபடுத்த இயலாது. ஒருவர் நட்ட கன்றின் காயை, அவர் பணிமாற்றம் பெற்றுச் சென்றபின் வந்தவர் எடைபோட நேரலாம். அச்சிட்ட கட்டுரைகளை எண்ணியே ஆசிரியரை அளக்கும் இக்கால வழக்கம் இப்பணிக்குப் பொருந்துமா என்பது எனக்கு ஐயமே.

இன்னொன்றும் உண்டு. வகையின் பெயரில் பாலூர் இருக்கிறது, பணிக்கன்குப்பம் இல்லை. அத்தகைய மரங்களை வெட்டாது காத்தவர்கள் உழவர்களல்லரோ? 2001ஆம் ஆண்டின் பயிர் வகைப் பாதுகாப்பு, உழவர் உரிமைச் சட்டம் வந்தபின், உழவர் தாம் பேணிய வகையைத் தம் பெயராலேயே பதிவு செய்ய வழியுண்டு. வேளாண் இறுதியாண்டு மாணவர்கள் சிற்றூரில் தங்கிப் பயிற்சி பெறுகின்றனர். அவ்வாறு செல்வோர் உரக்கணக்கு எழுதுவதோடு, இவ்வுரிமையையும் உழவர்க்கு எடுத்துரைப்பது நன்று. விண்ணப்பத்தை நிரப்பவும் உடனிருந்து உதவலாம்.