தரவுத்தள மென்பொருள் நிறுவல் நீக்கச் சிக்கல்களும் தீர்வுகளும்: புதுச்சேரிச் சுவடி அட்டவணைகளை முன்வைத்து

ஆய்வுச் சுருக்கம்

சுவடி, நூல், கல்வெட்டு ஆகியவற்றின் விவரங்களைத் தரவுத்தளங்களில் தொகுத்து வைத்திருக்கும் தமிழாய்வாளர்கள், கணினியை மாற்றும்போதும் புதிய பதிப்புக்கு மாறும்போதும் பழைய தரவுத்தள மென்பொருளை நீக்க நேர்கிறது. அந்நீக்கம் இருவகையில் பிழைபடுகிறது. நீங்க வேண்டிய மென்பொருள் முழுமையாக நீங்காமல் எஞ்சி நிற்பது ஒருவகை. நீங்கக் கூடாத தரவு அதனுடன் சேர்ந்து நீங்குவது மற்றொருவகை. இவ்விரண்டிற்குமான காரணங்களையும், தமிழ், கிரந்தம், பிரெஞ்சு ஆகிய மூன்றும் கலந்த தரவுகளில் கூடுதலாக எழும் குறியேற்றச் சிக்கலையும், அவற்றைத் தீர்க்கும் முறைகளையும் இக்கட்டுரை விளக்குகிறது.

திறவுச் சொற்கள்: தரவுத்தளம், நிறுவல் நீக்கம், காப்புப்படி, குறியேற்றம், ஒருங்குறி, சுவடி அட்டவணை

முன்னுரை

புதுச்சேரியில் 1955இல் தொடங்கப்பெற்ற பிரெஞ்சு நிறுவனமும், தூரக்கிழக்கு நாடுகளுக்கான பிரெஞ்சுப் பள்ளியின் புதுச்சேரி மையமும் பாதுகாத்துவரும் சைவச் சுவடிகள் 2005இல் யுனெஸ்கோவின் உலக நினைவுப் பதிவேட்டில் இடம்பெற்றன. ஏறத்தாழ 11,000 சுவடிகளைக் கொண்ட இத்தொகுப்பில் கிரந்த எழுத்தில் அமைந்த வடமொழிச் சுவடிகள் மிகுதி. தமிழ்ச் சுவடிகளும் உண்டு. இத்தகைய தொகுப்பில் ஓர் ஆய்வாளர் தேடும் நூலை அவரிடம் கொண்டு சேர்ப்பது அட்டவணையே. ஏடு எஞ்சியிருந்தும் அட்டவணை அழிந்துவிடின், ஆயிரக்கணக்கான கட்டுகளுள் அந்நூல் எங்குள்ளது என்பதை மீண்டும் ஏடு ஏடாகப் புரட்டியே அறிய வேண்டும்.

பெரிய நிறுவனங்களில் அட்டவணைத் தரவைக் காக்கக் கணினி வல்லுநர்கள் உள்ளனர். ஆனால், முனைவர் பட்ட ஆய்வாளரும் கல்லூரிப் பேராசிரியரும் தம் கணினியில் தாமே தொகுத்த தரவுக்குத் தாமே காவலர். அவர்கள் மென்பொருளை நீக்கும் பணியைத் தெளிந்து செய்வதற்கு இவ்விளக்கம் பயன்படும்.

நீக்கத்தில் அடங்கும் நான்கு கூறுகள்

சொற்செயலி போன்ற மென்பொருள் பயனர் திறக்கும்போது மட்டும் இயங்குவது. தரவுத்தள மென்பொருள்களுள் மைஎஸ்கியூஎல், போஸ்ட்கிரெஸ்கியூஎல், எஸ்.கியூ.எல். சர்வர் போன்றவை கணினி தொடங்கும்போதே பின்னணியில் இயங்கத் தொடங்குபவை. இவை கணினியில் நான்கு கூறுகளாகப் பரவியிருக்கின்றன: நிரற்கோப்புகள், தரவுக்கோப்புகள், பின்னணியில் இயங்கும் சேவை, அமைப்புக் கோப்புகளும் விண்டோசின் பதிவகக் குறிப்புகளும் ஆகிய அமைவுகள்.

விண்டோசின் நிறுவல் நீக்கக் கருவி முதற்கூறாகிய நிரற்கோப்புகளையே உறுதியாக நீக்குகிறது. ஏனைய மூன்றும் மென்பொருளுக்கு மென்பொருள் வேறுபடும். போஸ்ட்கிரெஸ்கியூஎல்லை விண்டோசில் நீக்கும்போது தரவுக் கோப்புறை நீக்கப்படவில்லை என்னும் அறிவிப்புத் தோன்றுகிறது. பயனர் பலர் இதனைப் பிழைச்செய்தி எனக் கருதுகின்றனர். உண்மையில் அது பயனரின் தரவைக் காப்பதற்கென வேண்டுமென்றே செய்யப்பட்ட ஏற்பாடு. டெபியன் வகை லினக்சிலும் இவ்வேறுபாடு உண்டு. அங்கு நீக்குதற்கட்டளை அமைப்புக் கோப்புகளை விட்டுவைக்கும். முற்றத் துடைக்கும் கட்டளை அவற்றையும் நீக்குவதோடு தரவுத்தளங்களையும் அழிக்கலாமா என வினவும். அவ்வினாவிற்குப் படிக்காமலே 'ஆம்' என விடையளிப்பது பேரிழப்பிற்கு வழிவகுக்கும்.

தரவு இருக்கும் இடம்

நீக்கத்திற்கு முன் அறிய வேண்டிய முதற்செய்தி, தரவு எந்தக் கோப்புறையில் உள்ளது என்பதாகும். பழைய மென்பொருள்களில் தரவு நிரலின் கோப்புறைக்குள்ளேயே இருந்தது. யுனெஸ்கோ 1985இல் வெளியிட்டு, இந்திய நூலகங்களில் பரவலாக வழங்கிய சி.டி.எஸ்./ஐசிஸ் மென்பொருளின் விண்டோஸ் வடிவமாகிய விண்ஐசிஸ் இதற்குச் சான்று. அதன் தரவு, இயல்பான நிறுவலில், விண்ஐசிஸ் கோப்புறைக்குள் 'டேட்டா' என்னும் உட்கோப்புறையில் அமைகிறது. மேற்கோப்புறையை அழித்தால் அட்டவணை முழுவதும் அதனுடன் அழியும். கல்லூரிகளில் வலைத்தளப் பயிற்சிக்குப் பயன்படும் எக்சாம்ப் தொகுப்பிலும் மைஎஸ்கியூஎல் வகைத் தரவு அத்தொகுப்பின் கோப்புறைக்குள்ளேயே உள்ளது.

தனியாக நிறுவப்பட்ட மைஎஸ்கியூஎல் 8.0 இதற்கு மாறானது. அதன் தரவு விண்டோசின் 'புரோகிராம் டேட்டா' கோப்புறையில் உள்ளது. அக்கோப்புறை இயல்பில் மறைக்கப்பட்டிருப்பதால், மறைந்த கோப்புகளைக் காட்டும் அமைவை மாற்றினாலன்றி அது புலப்படாது. தரவு அழிந்துவிட்டது என வருந்துவோர் முதலில் பார்க்க வேண்டிய இடம் இதுவே. மைக்ரோசாப்ட் அக்சசில் தரவு பயனர் சேமித்த தனிக்கோப்பில் இருப்பதால் மென்பொருளை நீக்குவது அக்கோப்பைத் தொடுவதில்லை. ஆயினும் அக்சஸ் படிவம் வேறொரு தரவுத்தளத்தோடு இணைக்கப்பட்டிருந்தால், இணைப்பு இயக்கியை நீக்கியதும் படிவம் வெறுமையாகிவிடும்.

நீக்கத்திற்கு முன் தரவை வெளியெடுத்தல்

கோப்புறையை நகலெடுத்து வைப்பது மட்டும் போதிய காப்பு ஆகாது. மைஎஸ்கியூஎல் 5.5 முதல் இயல்பாக வழங்கும் இன்னோடிபி அமைப்பில் ஓர் அட்டவணையின் கோப்பு தனித்து நின்று பொருள் தராது. பொதுக்கோப்புகளும் உடன் வேண்டும். எனவே ஒரு தரவுத்தளத்தின் உட்கோப்புறையை மட்டும் நகலெடுத்துப் புதிய நிறுவலுக்குள் இட்டால் அது திறப்பதில்லை. சேவையை நிறுத்தியபின் தரவுக் கோப்புறை முழுவதையும் நகலெடுத்தால் மட்டுமே, அதே பதிப்பில் அதனை மீண்டும் இயக்க இயலும்.

எனவே, மென்பொருள் இயங்கும் நிலையிலேயே தரவை மென்பொருள் சாராத உரைவடிவில் ஏற்றுமதி செய்வது இன்றியமையாதது. மைஎஸ்கியூஎல்லில் அதன் ஏற்றுமதிக் கருவி இதற்குப் பயன்படும். விண்ஐசிசில் நூலகத் தரவுப் பரிமாற்றத்திற்கான ஐ.எஸ்.ஓ. 2709 வடிவம் உண்டு. அக்சசில் காற்புள்ளியால் பிரிக்கப்பட்ட உரைக்கோப்பாக வெளியெடுக்கலாம். ஏற்றுமதி செய்த கோப்பை மற்றொரு கணினியில் இறக்கிப் பார்த்து, பதிவுகளின் எண்ணிக்கை ஒத்திருப்பதை உறுதிசெய்த பின்னரே நீக்கத்தைத் தொடங்க வேண்டும்.

குறியேற்றச் சிக்கல்

பதிவுகளின் எண்ணிக்கை ஒத்திருந்தும் எழுத்துகள் சிதைந்திருக்கக் கூடும். ஒருங்குறிக்கு முந்தைய தமிழ்க் குறியேற்றங்களாகிய தகுதரமும், 1999இல் சென்னையில் நடந்த தமிழ் இணைய மாநாட்டையொட்டி அமைந்த டாப், டாம் ஆகியனவும் எட்டுத்துணுக்கு இடங்களைப் பயன்படுத்தின. ஆங்கில எழுத்துகளை விட்டுவைத்த இருமொழிக் குறியேற்றங்களில் தமிழெழுத்துகள் 128 முதல் 255 வரையிலான இடங்களில் அமைந்தன. பிரெஞ்சு மொழியின் குறியிட்ட உயிரெழுத்துகளுக்கும் மேலை ஐரோப்பியக் குறியேற்றத்தில் அவ்விடங்களே உரியவை. ஆகவே ஒரே பதிவில் தலைப்பு தமிழிலும் குறிப்பு பிரெஞ்சிலும் இருப்பின், ஒரே எண் ஒரு புலத்தில் தமிழெழுத்தையும் மற்றொரு புலத்தில் பிரெஞ்செழுத்தையும் குறிக்கும். எது எந்த எழுத்துருவில் தோன்ற வேண்டும் என்னும் செய்தி பழைய மென்பொருளின் காட்சி அமைவில் இருந்ததேயன்றித் தரவில் இல்லை. மென்பொருளை நீக்கினால் அச்செய்தியும் நீங்கும். எனவே நீக்கத்திற்கு முன் ஒவ்வொரு புலத்தின் மொழி, எழுத்துரு, குறியேற்றம் ஆகியவற்றை எழுதி வைத்து, ஒருங்குறி மாற்றத்தைப் புலம் புலமாகச் செய்ய வேண்டும்.

ஒருங்குறித் தரவிலும் இடர் உண்டு. தமிழெழுத்துகள் யூ.டி.எஃப்.-8 முறையில் 3 பைட்டுகள் கொள்கின்றன. 2014இல் ஒருங்குறியில் சேர்ந்த கிரந்தமும், 2019இல் சேர்ந்த தமிழ்ப் பின்ன எண்கள், பழைய அளவைக் குறியீடுகள் ஆகியனவும் 4 பைட்டுகள் கொள்கின்றன. மைஎஸ்கியூஎல் 'யூ.டி.எஃப்.8' எனப் பெயரிட்டு வழங்கிய அமைப்பு 3 பைட்டுகளை மட்டுமே ஏற்பது. 4 பைட்டுகளுக்குரியது 'யூ.டி.எஃப்.8 எம்.பி.4'. பதிப்பு 8.0க்கு முந்தைய ஏற்றுமதிக் கருவி 3 பைட்டு அமைப்பையே இயல்பாகக் கொண்டிருந்தது. அதனால் ஏற்றுமதிக் கோப்பில் தமிழ் சரியாக இருந்தும் கிரந்த எழுத்துகள் மட்டும் வினாக்குறிகளாகிவிடும். சைவ ஆகமச் சுவடியின் தொடக்கவரியைக் கிரந்தத்தில் பதிந்தவருக்கு இது முழு இழப்பு. ஏற்றுமதியின்போது 4 பைட்டு அமைப்பை வெளிப்படையாகக் குறிப்பிடுவதே தீர்வு.

மற்றொரு சிதைவு பிரெஞ்சு எழுத்தாக மாறுவேடம் பூண்டு வருவது. யூ.டி.எஃப்.-8இல் ஒவ்வொரு தமிழெழுத்துக் குறியின் முதல் பைட்டும் 224 ஆகும். மேலை ஐரோப்பியக் குறியேற்றத்தில் அவ்வெண் இடச்சாய்வுக் குறியேற்ற பிரெஞ்சு முதல் உயிரெழுத்து. எனவே தமிழ்ச்சொல் இருக்க வேண்டிய இடத்தில் அவ்வெழுத்து அடுத்தடுத்துத் தோன்றினால், அது குறியேற்றம் பிறழ்ந்த தமிழே. பைட்டுகள் மாறாதிருப்பின் மீட்கத்தக்கது. வினாக்குறியாக மாறியதை அவ்வாறு மீட்க இயலாது.

நீக்கும்போதும் நீக்கிய பின்னும் எழும் சிக்கல்கள்

நீக்கம் பாதியில் நின்றால் முதற்காரணம் சேவை இயங்கிக்கொண்டிருப்பது. சேவைகள் சாளரத்தில் அதனை நிறுத்திய பின் நீக்க வேண்டும். சேவையை நீக்கிய பிறகும் அது 'நீக்கத்திற்குக் குறிக்கப்பட்டது' என்னும் நிலையில் பட்டியலில் நிற்பதுண்டு. பெரும்பாலும் சேவைகள் சாளரம் திறந்திருப்பதே காரணம். அதனை மூடினாலோ கணினியை மறுதொடக்கம் செய்தாலோ அது மறையும். எஸ்.கியூ.எல். சர்வர் போன்று பல கூறுகளாக நிறுவப்படுவனவற்றில், விண்டோஸ் சேமித்து வைத்துள்ள நிறுவற்கோப்பு அழிந்திருந்தால் நீக்கம் இயலாது. அதே பதிப்பின் நிறுவற்கோப்பைப் பெற்று, முதலில் பழுதுநீக்கிப் பின்னர் நீக்குவது முறையான வழி. பதிவகக் குறிப்புகளைக் கையால் அழிப்பது இறுதி வழியாகவே அமைய வேண்டும். அதற்கு முன் பதிவகத்தின் நகலை எடுத்தல் வேண்டும்.

மீண்டும் நிறுவும்போது புதிய கடவுச்சொல் ஏற்கப்படாமை பலரும் எதிர்கொள்ளும் சிக்கல். பழைய தரவுக் கோப்புறை எஞ்சியிருப்பதால் பழைய கடவுச்சொல்லே நீடிக்கிறது. காப்புப்படி உறுதியாயின், எஞ்சிய கோப்புறையை அழிக்காமல் வேறு பெயரிட்டு ஒதுக்கியபின் நிறுவினால் சிக்கல் தீரும். அவ்வாறு ஒதுக்கிய கோப்புறை, புதிய நிறுவலில் ஏதேனும் விடுபட்டது தெரியவரும்போது உதவும்.

காப்புப்படி இன்றி நீக்கியவருக்கும் ஒரு வழி உண்டு. தரவுக் கோப்புறை எஞ்சியிருப்பின் அதனை முதலில் நகலெடுத்து, நீக்கப்பட்ட அதே பதிப்பை நிறுவி, சேவையை நிறுத்தி, அந்நகலைத் தரவிடமாகச் சுட்டி இயக்கலாம். கோப்புறையே அழிந்திருப்பின் அவ்வட்டில் எதனையும் மேலும் எழுதாமல் கணினியை நிறுத்தி, கோப்பு மீட்பில் தேர்ந்தவரிடம் ஒப்படைக்க வேண்டும். மீட்பு உறுதியன்று, ஆனால் அழிந்ததன்மேல் புதியதை எழுதினால் அவ்வாய்ப்பும் இல்லையாகும்.

முடிவுரை

மென்பொருளை நீக்குதலும் தரவை நீக்குதலும் வெவ்வேறு செயல்கள். இவ்விரண்டையும் ஒன்றெனக் கொள்வதே மேற்கண்ட சிக்கல்களுள் பலவற்றிற்கு அடிப்படை. இடமறிதல், வெளியெடுத்தல், குறியேற்றத்தோடு சரிபார்த்தல், சேவையை நிறுத்தி நீக்குதல், எஞ்சியவற்றை ஒதுக்குதல் என்னும் வரிசை இழப்பைத் தவிர்க்கும். சரிபார்க்கும்போது ஒகர, ஓகார உயிர்மெய் அமைந்த ஒரு சொல், ஸ்ரீ இடம்பெற்ற ஒரு பெயர், ஒரு கிரந்தத் தொடர், ஒரு பின்ன எண், குறியிட்ட ஒரு பிரெஞ்சுச் சொல் ஆகிய ஐந்தையும் தேடிப் பார்த்தல் நன்று. பெரும்பாலான சிதைவுகளை இவ்வைந்தும் காட்டிக்கொடுக்கும். பழைய ஏடு செல்லரிக்குமுன் புதிய ஏட்டில் படியெடுத்து, மூலத்தோடு ஒப்புநோக்கிய பின்னரே பழையதைக் கழித்தனர் சுவடிகளைக் காத்தோர். தரவுத்தளத்தை மாற்றும் ஆய்வாளருக்கும் அம்முறையே பொருந்தும்.